தலையில் ‘ஷன்ட்’ வைத்த குழந்தைக்குக் காய்ச்சலா? காத்திருக்க வேண்டாம்!

குழந்தைக்கு உடம்பு சுட்டால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். நெற்றியில் ஈரத்துணி, ஒரு வேளை பாராசிட்டமால், ரசம் சாதம். ‘ரெண்டு நாள் பார்ப்போம்... குறையலைன்னா டாக்டர்கிட்ட போகலாம்’ என்பார் பாட்டி. சாதாரண சளிக் காய்ச்சலுக்கு இது பெரும்பாலும் போதும்.

ஆனால், மூளையில் நீர் கோர்த்து, அதை வடிக்க ‘ஷன்ட்’ என்ற குழாய் பொருத்தப்பட்ட குழந்தையின் வீட்டில் அந்த ‘ரெண்டு நாள்’ என்ற கணக்கு உதவாது. குறிப்பாக, ஆபரேஷன் முடிந்த முதல் சில மாதங்களில். அந்தக் காய்ச்சலும் சாதாரணச் சளியாக இருக்கலாம். குழாயில் குடியேறிய கிருமி மூளையின் அறைகளுக்குள் பரவுவதன் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். இது எது என்பதைத் தொட்டுப்பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

சீக்கிரம் கண்டுபிடித்தால் இந்தத் தொற்றைக் குணப்படுத்த முடியும். ஆனால், மருந்து மட்டும் கொடுத்தால் பெரும்பாலும் போகாது. குழாயையே எடுத்துவிட்டு, சில வாரங்கள் பொறுமையாகச் சிகிச்சை செய்ய வேண்டும். ஏன் அப்படி, அந்த வாரங்களில் என்ன நடக்கும், குடும்பத்தினர் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று பார்ப்போம்.

தலைக்குள் ஓடும் அரை லிட்டர் நீர்

நம் மூளைக்குள் வென்ட்ரிக்கிள் எனப்படும் நான்கு அறைகள் உள்ளன. அங்கே தண்ணீர்போலத் தெளிந்த ஒரு திரவம் சுரந்துகொண்டே இருக்கிறது. இதை மூளைத் தண்டுவடத் திரவம் என்கிறோம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர் சுரக்கும். ஆனால், எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது சுமார் 150 மில்லிதான். சுரக்கும் வேகத்திலேயே அது ரத்தத்தில் உறிஞ்சப்பட்டுவிடுவதே காரணம். மூளையை அதிர்ச்சியிலிருந்து காப்பதும் கழிவுகளை அகற்ற உதவுவதும் இதன் வேலை.

ஓடும் வழியில் எங்காவது அடைப்பு ஏற்பட்டாலோ, உறிஞ்சப்படுவது குறைந்தாலோ நீர் தேங்கும். அறைகள் விரியும். மூளை அழுத்தப்படும். இதுதான் ‘ஹைட்ரோகெஃபாலஸ்’ எனும் மூளை நீர்க்கோர்வை. சில குழந்தைகளுக்கு இது பிறவியிலேயே இருக்கும். முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்தவர்கள், குறைமாதத்தில் பிறந்து மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்கள், மூளைக்காய்ச்சல் வந்தவர்கள், மூளையில் கட்டி உள்ளவர்கள் ஆகியோருக்கும் வரலாம். நம் நாட்டில் காசநோய்க் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலும் முக்கியக் காரணம். வயதானவர்களுக்கும் ஒருவகை நீர்க்கோர்வை உண்டு. நடை தடுமாறும், சிறுநீரை அடக்க முடியாது, மறதி கூடும்.

இதற்குப் பரவலாகச் செய்யப்படும் சிகிச்சைதான் ஷன்ட். மூளையின் அறைக்குள் ஒரு மெல்லிய சிலிக்கான் குழாய், காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு வால்வு, அங்கிருந்து கழுத்து, மார்பு வழியாக வயிற்றுக்குள் இறங்கும் நீளமான இன்னொரு குழாய். கூடுதலாகத் தேங்கும் நீர் வயிற்றுக்குள் இறங்கி, அங்கே உறிஞ்சப்பட்டுவிடும். வெளியே எதுவும் தெரியாது. தடவிப் பார்த்தால் மட்டும் காதுக்குப் பின்னே சிறு மேடு தட்டுப்படும்.

மெக்கானிக் அப்பா... எழுத்தாளர் அப்பா!

இன்று கோடிக்கணக்கான ரூபாய் மருத்துவத் தொழிலாக இருக்கும் ஷன்ட் வால்வின் வரலாற்றில் இரண்டு அப்பாக்களுக்கு இடம் உண்டு.

ஒருவர் ஜான் ஹோல்ட்டர். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா பகுதியைச் சேர்ந்த தொழிற்சாலை மெக்கானிக். 1955-ல் பிறந்த அவர் மகன் கேஸிக்கு முதுகுத்தண்டுக் குறைபாடும் மூளை நீர்க்கோர்வையும் இருந்தன. நீர் ஒரே திசையில் மட்டும் போக வேண்டும், தேவையான அழுத்தத்தில் மட்டும் திறக்க வேண்டும், உடம்புக்குள் கெடாமல் இருக்க வேண்டும். அப்படி ஒரு நல்ல வால்வு அப்போது இல்லை. மகனுக்குச் சிகிச்சை அளித்த அறுவை மருத்துவர் யூஜின் ஸ்பிட்ஸுடன் சேர்ந்து, சிலிக்கானைக் கொண்டு ஹோல்ட்டர் அதை உருவாக்கினார். 1956-ல் அது பயன்பாட்டுக்கு வந்தது. கேஸி ஐந்து வயதில் இறந்துபோனான். அவனுக்காகப் பிறந்த வால்வு பல ஆண்டுகள் உலகெங்கும் குழந்தைகளைக் காத்தது.

இன்னொருவர், ‘சார்லி அண்டு தி சாக்லேட் ஃபேக்டரி’ எழுதிய ரோல்ட் டால். 1960 டிசம்பரில் நியூயார்க்கில் அவருடைய நான்கு மாதக் குழந்தை தியோவின் தள்ளுவண்டி மீது டாக்சி மோதியது. தலையில் அடிபட்ட தியோவுக்கு நீர்க்கோர்வை ஏற்பட்டது. பொருத்திய ஷன்ட் திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டது. பொறியாளர் ஸ்டான்லி வேட், லண்டன் அறுவை மருத்துவர் கென்னத் டில் ஆகியோரோடு சேர்ந்து எளிதில் அடைக்காத ஒரு வால்வை டால் உருவாக்கினார். அது தயாரானபோது தியோவுக்கு வால்வே தேவைப்படவில்லை, தேறியிருந்தான். வேறு ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு அது பயன்பட்டது.

அடைப்புப் பிரச்னையோடு போராடிய அப்பாக்கள் இவர்கள். அடைப்புக்கு இணையாக மருத்துவர்கள் அஞ்சும் இன்னொரு பிரச்னைதான் தொற்று.

கிருமி எங்கிருந்து வருகிறது?

‘வீட்டில் சுத்தமாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ’ என்று பல தாய்மார்கள் தங்களையே நொந்துகொள்வார்கள். அது தேவையில்லாத குற்ற உணர்ச்சி. ஷன்ட் தொற்றுகளில் பெரும்பாலானவை ஆபரேஷன் நேரத்திலோ, காயம் ஆறுவதற்குள்ளோ உள்ளே நுழைந்த கிருமிகளால் வருபவை. அந்தக் கிருமிகளும் பெரும்பாலும் நம் தோலில் எப்போதும் குடியிருப்பவைதான். அவற்றில் முதலிடம் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியாவுக்கு. தோலில் இருக்கும்வரை சாது. அந்நியப் பொருளான குழாயில் ஒட்டிக்கொண்டால் கதை வேறு. அடுத்து, சீழ்க் கட்டிகளை உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்.

இதனால்தான், தொற்றுகளில் மிகப் பெரும்பாலானவை ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே தெரியவருகின்றன. பல, முதல் இரண்டு மாதங்களிலேயே. நூறு ஷன்ட் ஆபரேஷன்களில் ஐந்து முதல் பத்தில் இந்தச் சிக்கல் வரலாம் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. குறைமாதக் குழந்தைகளுக்கும், ஏற்கெனவே ஷன்ட் தொற்று வந்தவர்களுக்கும், காயத்தில் நீர் கசிபவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

பல ஆண்டுகள் கழித்தும் தொற்று வரலாம். ஆனால், வழி வேறு. வயிற்றில் இருக்கும் குழாயின் முனை அரிதாகக் குடலைத் துளைத்துவிடும். அப்போது குடலில் இருக்கும் கிருமிகள் குழாய் வழியாக மேலேறும். சில குழந்தைகளுக்கு மலம் கழிக்கும்போது ஆசனவாயில் குழாயின் நுனி எட்டிப் பார்த்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் நிறையவே பதிவாகியிருக்கின்றன. அதைப் புழு என்று நினைத்து இழுத்துவிடக் கூடாது. தொடாமல், சுத்தமான துணியால் மூடி, உடனே நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடல்வால் வெடித்தாலும் இதேபோல் கிருமி குழாயை எட்டலாம்.

மருந்துக்கு ஏன் மசியவில்லை?

குளத்துப் படிக்கட்டில் கால் வைத்தால் வழுக்கும் அல்லவா? தண்ணீரில் நனைந்த கல்லின் மேல் நுண்ணுயிரிகள் கூட்டமாக ஒட்டி, தங்களைச் சுற்றி வழவழப்பான படலத்தை உண்டாக்கிக்கொள்வதால் வரும் வழுக்கல் அது. ஷன்ட் குழாய்க்குள்ளும் பாக்டீரியாக்கள் இதையேதான் செய்கின்றன. இந்தப் படலத்தை ‘பயோஃபிலிம்’ என்பார்கள்.

படலத்துக்குள் இருக்கும் கிருமிகள் அதிகம் வளராமல், அரைத்தூக்கத்தில் கிடக்கும். வேகமாக வளரும் கிருமியைக் கொல்லவே பல ஆன்டிபயாடிக்குகள் உருவாக்கப்பட்டவை. எனவே, மருந்து போய்ச் சேர்ந்தாலும் முழுதாக வேலை செய்யாது. உடலின் வெள்ளை அணுக்களாலும் உள்ளே புக முடியாது. போதாக்குறைக்கு, ரத்தத்தில் ஓடும் பொருள்கள் கண்டபடி மூளைக்குள் போகாமல் தடுக்கும் இயற்கையான அரண் ஒன்று உண்டு. நம்மைக் காக்கும் அந்த அரண், பல மருந்துகளையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

விளைவு? மருந்து ஏறும்வரை காய்ச்சல் அடங்கும்; நிறுத்தியதும் திரும்ப வரும். குழாயை அப்படியே விட்டு மருந்து மட்டும் கொடுத்த பழைய சிகிச்சைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சுமார் மூன்றில் ஒருவருக்கே தொற்று முழுதாகத் தீர்ந்தது. குழாயை எடுத்து, நீரை வெளியே வடித்து, தொற்று தீர்ந்த பிறகு புதுக் குழாய் வைத்த முறையில் பத்தில் எட்டு, ஒன்பது பேர் குணமானார்கள். ‘நல்லா இருக்கிற குழாயை எதுக்கு டாக்டர் எடுக்கணும்?’ என்ற கேள்விக்கு இதுவே பதில்.

இந்த அறிகுறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

* காய்ச்சல். ஆனால், எல்லோருக்கும் வருவதில்லை. மந்தமான கிருமி என்றால் காய்ச்சலே இல்லாமலும் தொற்று இருக்கலாம்.
* தலைவலி, வாந்தி, எழுப்பினாலும் எழாத அளவுக்குத் தூக்கம். தொற்றால் குழாய் அடைத்துக்கொண்டதன் அடையாளங்கள் இவை.
* கைக்குழந்தைகளிடம் ஓயாத அழுகை, பால் குடிக்க மறுப்பது, உச்சிக்குழி புடைப்பது, கருவிழி கீழ்நோக்கிச் சரிந்து மேலே வெள்ளை விழி தெரிவது.
* குழாய் போகும் பாதையில் (தலை, கழுத்து, மார்பு) தோல் சிவப்பது, வீங்குவது, தொட்டால் வலிப்பது.
* தையல் போட்ட இடத்தில் நீர் அல்லது சீழ் கசிவது, தோல் பிரிந்து குழாய் தெரிவது.
* வயிற்றுவலி, வயிறு உப்புவது. நீர் உறிஞ்சப்படாமல் வயிற்றுக்குள் பை போலத் தேங்குவதும் தொற்றின் அறிகுறியாக இருக்கலாம்.
* புதிதாக வலிப்பு வருவது, நடையில் தடுமாற்றம், பேச்சிலும் நடத்தையிலும் மாற்றம்.

இவற்றில் ஏதாவது இருந்தால் ஷன்ட் வைத்த மருத்துவமனையையோ, அருகில் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையையோ அன்றே அணுக வேண்டும். எழுப்ப முடியாத மயக்கம், நிற்காத வாந்தி, வலிப்பு என்றால் 108-ஐ அழைக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம்... மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். பாதி டோஸ் உள்ளே போனாலே, பிறகு எடுக்கும் பரிசோதனையில் கிருமி வளராமல் போகலாம். எந்தக் கிருமி என்று தெரியாமல், எந்த மருந்து என்று முடிவுசெய்வது கடினம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் காய்ச்சலுக்கு வேறு காரணம் உண்டா என்று பார்ப்பார்கள். காது, தொண்டை, சிறுநீர், நுரையீரல் என எல்லாம் சோதிக்கப்படும். ரத்தப் பரிசோதனை, கிருமி வளர்ப்புச் சோதனை, குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ ஸ்கேன், தேவைப்பட்டால் வயிற்றுக்கு அல்ட்ரா சவுண்ட்.

சந்தேகம் வலுத்தால், காதுக்குப் பின்னால் இருக்கும் வால்வின் சிறு தொட்டியில் மெல்லிய ஊசியைச் செலுத்தித் திரவத்தை எடுப்பார்கள். தோலைக் கிருமிநாசினியால் நன்கு துடைத்த பிறகே இதைச் செய்வார்கள். சில நிமிட வேலைதான். அந்தத் திரவத்தில் வெள்ளை அணுக்கள் கூடியிருக்கின்றனவா, சர்க்கரை குறைந்திருக்கிறதா, புரதம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கிருமி வளர்கிறதா என்றும் சோதிப்பார்கள்.

இரண்டே நாளில் ‘கிருமி இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தாலும் மருத்துவர்கள் உடனே நிம்மதி அடைவதில்லை. முகப்பரு உள்ள தோலில் காணப்படும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் போன்றவை மிக மெதுவாக வளரும். அதனால் மாதிரியைக் குறைந்தது 10 நாள்கள் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறது, அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

சிகிச்சை: மூன்று கட்டங்கள்

முதல் கட்டம், குழாயை அகற்றுவது. தொற்றிய ஷன்ட் ஆபரேஷன் மூலம் முழுமையாக எடுக்கப்படும். ஆனால், நீர்க்கோர்வை அப்படியேதான் இருக்கிறது. நீர் சுரந்துகொண்டேதான் இருக்கும். அதனால் மூளையின் அறையிலிருந்து தலைக்கு வெளியே ஒரு தற்காலிகக் குழாய் வைத்து, கட்டிலருகே தொங்கும் பையில் நீரை வடியவிடுவார்கள். மருத்துவமனையில் இதை ‘ஈ.வி.டி’ என்பார்கள்.

இரண்டாம் கட்டம், மருந்து. கிருமி எது என்று தெரியும்வரை, பலவகைக் கிருமிகளையும் தாக்கும் மருந்துகளை நரம்பு வழியாகத் தொடங்குவார்கள். பொதுவாக வான்கோமைசினுடன், செஃபெபிம், செஃப்டாசிடிம், மெரோபெனம் ஆகியவற்றில் ஒன்று சேர்க்கப்படும். கிருமியின் பெயரும், அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதும் தெரிந்தவுடன் மருந்து மாற்றப்படும். வான்கோமைசின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. அதனால் ரத்தத்தில் அதன் அளவையும் கிரியாட்டினினையும் அவ்வப்போது பார்ப்பார்கள். சிலருக்கு ரிஃபாம்பிசின் சேர்க்கப்படும். அப்போது சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம்.

நரம்பு வழி மருந்துக்குப் பலன் இல்லையென்றால், வெளியே இருக்கும் குழாய் வழியாகவே மூளையின் அறைக்குள் மருந்தைச் செலுத்துவார்கள். மூளையின் அரணைத் தாண்ட வேண்டிய சிக்கல் இதில் இல்லை. பல மருந்துகளுக்கும் அடங்காத அசினிடோபாக்டர் போன்ற மருத்துவமனைக் கிருமிகளுக்கு கொலிஸ்டின் மருந்து இப்படிக் கொடுக்கப்படுகிறது. அளவு மிகச் சிறியது. கொடுத்த பிறகு மருந்து உடனே வடிந்துவிடாமல் இருக்கக் குழாயைச் சிறிது நேரம் மூடி வைப்பார்கள்.

எத்தனை நாள்? பொதுவாக 10 முதல் 14 நாள்கள். சில பிடிவாதமான கிருமிகளுக்கு 21 நாள்கள் வரை. கடைசியாகக் கிருமி வளர்ந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவதும் உண்டு. ‘போன வாரமே 10 நாள்னு சொன்னீங்களே’ என்று குடும்பத்தினர் குழம்புவது இதனால்தான்.

மூன்றாம் கட்டம், புது ஷன்ட். சாதுவான தோல் கிருமி, திரவத்திலும் பெரிய மாற்றமில்லை, குழாயை எடுத்த பிறகு 48 மணி நேரம் கிருமி வளரவில்லை என்றால் மூன்றாம் நாளிலேயேகூடப் புதுக் குழாய் வைக்கலாம் என்கிறது அந்த வழிகாட்டுதல். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அல்லது குடல்வகைக் கிருமி என்றால், கிருமி வளராத நிலைக்கு வந்து 10 நாள்களாவது ஆக வேண்டும். சிலருக்கு, எங்கே அடைப்பு என்பதைப் பொறுத்து, எண்டோஸ்கோப் மூலம் மூளை அறையின் அடித்தளத்தில் சிறு துளையிட்டு நீருக்கு மாற்று வழி அமைக்க முடியும். அது பலித்தால் குழாயே வேண்டாம். எல்லோருக்கும் இது பொருந்தாது. தங்கள் குழந்தைக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

கட்டிலருகே இருப்பவர்கள் கவனத்துக்கு

வெளிக்குழாய் இருக்கும் நாள்களில் உடன் இருப்பவரின் பங்கு பெரிது. நீர் சொட்டும் குப்பியின் உயரம், படுத்திருக்கும் குழந்தையின் காதுத் துளை மட்டத்தைக் கணக்கிட்டுத்தான் வைக்கப்பட்டிருக்கும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாலோ, குழந்தையைத் தூக்கி மடியில் வைத்தாலோ இந்தக் கணக்கு தவறிவிடும். குப்பி தாழ்ந்தால் நீர் அளவுக்கு மீறி வடிந்து, மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு ஏற்படலாம். உயர்ந்தால் வடியாமல் தேங்கும். பால் கொடுக்க, உடை மாற்ற, உட்கார வைக்க என எதுவாக இருந்தாலும் முதலில் செவிலியரைக் கூப்பிடுங்கள். அவர் குழாயை மூடி, பிறகு மட்டத்தைச் சரிசெய்து திறந்துவிடுவார்.

திரவம் தெளிவாக இருந்து திடீரென்று கலங்கினாலோ, சிவந்தாலோ, சொட்டுவது நின்றாலோ சொல்லுங்கள். தலையில் உள்ள கட்டு நனைந்திருந்தாலும் சொல்லுங்கள். குழாயின் இணைப்புகளைத் தொடாதீர்கள். அந்த வழியிலும் புதுக் கிருமி நுழையலாம். பார்க்க வரும் உறவினர் கூட்டத்தைக் குறைத்துக்கொள்வதும், ஒவ்வொரு முறையும் கை கழுவுவதும் குழந்தைக்குச் செய்யும் பேருதவி.

செலவும் பெரிய கவலைதான். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள் அனுமதியான அன்றே மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவை அணுகி, குழாயை எடுப்பது, வெளிக்குழாய், புது ஷன்ட் ஆகியவற்றில் எவை திட்டத்தில் சேரும் என்று கேட்டுவிடுவது நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் இந்தச் சிகிச்சை செய்யப்படுகிறது.

தாமதமானால் என்ன ஆகும்?

தொற்று மூளை அறைகளின் உட்சுவரைத் தாக்கும்போது, உள்ளே தழும்புத் திரைகள் உருவாகி ஓர் அறை பல தடுப்புகளாகப் பிரிந்துவிடலாம். அப்புறம் ஒரு குழாயால் எல்லா நீரையும் வடிக்க முடியாது. மேலும் மேலும் ஆபரேஷன்கள் தேவைப்படும். வலிப்பு, கற்றலில் பின்தங்குவது, பார்வைக் குறைபாடு ஆகியவையும் வரலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். சீக்கிரம் சிகிச்சை தொடங்கிய குழந்தைகள் பலர் தேறி, பள்ளிக்குத் திரும்புகிறார்கள்.

தடுக்க முடியுமா?

முழுதாக முடியாது. ஆனால், வெகுவாகக் குறைக்க முடியும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வட அமெரிக்காவின் சில குழந்தை மருத்துவமனைகள் சேர்ந்து, ஷன்ட் ஆபரேஷனில் எல்லோரும் ஒரே மாதிரி பின்பற்ற வேண்டிய 11 படிகளை வகுத்தன. தியேட்டர் கதவில் ‘உள்ளே வர வேண்டாம்’ என்ற அறிவிப்பு, முதல் கீறலுக்கு முன்பே ஆன்டிபயாடிக், இரண்டு ஜோடிக் கையுறைகள் என எல்லாம் எளிய விஷயங்கள்தான். 2011-ல் வெளியான முடிவின்படி, தொற்று 8.8 சதவிகிதத்திலிருந்து 5.7 ஆகக் குறைந்தது.

அடுத்து, குழாயிலேயே மருந்தை ஊறவைக்கும் யோசனை. ரிஃபாம்பிசின், கிளிண்டாமைசின் மருந்துகள் ஏற்றப்பட்ட குழாய்கள், வெள்ளி கலந்த குழாய்கள், சாதாரணக் குழாய்கள் ஆகிய மூன்றையும் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1,605 நோயாளிகளிடம் ஒப்பிட்டார்கள். 2019-ல் ‘லேன்செட்’ இதழில் முடிவு வந்தது. சாதாரணக் குழாயில் 6 சதவிகிதம் பேருக்குத் தொற்று. வெள்ளிக் குழாயிலும் அதே 6. மருந்து ஏற்றிய குழாயில் 2 சதவிகிதம் மட்டுமே. விலை கூடுதல் என்றாலும், குழந்தைக்கு இது கிடைக்குமா என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்பதில் தவறில்லை.

‘நாங்க விலை குறைஞ்ச ஷன்ட்தான் வெச்சோம், அதனாலதான் இப்படி ஆயிடுச்சோ’ என்று வருந்துபவர்களுக்கும் ஒரு தகவல். லக்னோவைச் சேர்ந்த மருத்துவர் சாப்ரா வடிவமைத்த இந்தியத் தயாரிப்பான ‘சாப்ரா ஷன்ட்’, வெளிநாட்டு ஷன்ட்டுகளைவிடப் பல மடங்கு மலிவானது. உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் இதையும் விலை உயர்ந்த ஒரு வெளிநாட்டு ஷன்ட்டையும் மருத்துவர் பெஞ்சமின் வார்ஃப் ஒப்பிட்டுப் பார்த்தார். ஓராண்டு முடிவில் தொற்றிலோ, பழுதாவதிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2005-ல் இது வெளியானது.

வீட்டில் செய்ய வேண்டியவை

* தையல் காயத்தில் எண்ணெய், மஞ்சள், விபூதி எதுவும் வேண்டாம். தலைக்கு எப்போது ஊற்றலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகே குளிப்பாட்டுங்கள்.
* மொட்டை, காதுகுத்து வேண்டுதல் இருந்தால், காயம் முழுதாக ஆறும்வரை தள்ளிப்போடுங்கள். குழாய்க்கு மேலே இருக்கும் தோல் மெல்லியது. சவரக்கத்தி பட்ட சிறு வெட்டும் கிருமிக்கு வாசல். அதனால் முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள்.
* கைக்குழந்தையை வால்வு இருக்கும் பக்கமாகவே படுக்கவைக்காதீர்கள். அழுத்தத்தில் தோல் புண்ணாகலாம்.
* குளிப்பாட்டும்போது தலையை அழுத்திப் ‘பிடித்து’விடுவது, வேலை செய்கிறதா என்று வால்வை அமுக்கிப் பார்ப்பது இரண்டும் கூடாது.
* தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். ஊசி போட்ட அன்று லேசான காய்ச்சல் வருவது இயல்பு. கூடவே வாந்தியோ சோர்வோ இருந்தால் காட்டிவிடுங்கள்.
* பல், வயிறு, அப்பெண்டிக்ஸ் என வேறு எந்தச் சிகிச்சைக்குப் போனாலும் ‘ஷன்ட் இருக்கிறது’ என்று முதலிலேயே சொல்லுங்கள். திருவிழாவுக்கோ விடுமுறைக்கோ பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வந்தால், அவர்களுக்கும் அறிகுறிகளைச் சொல்லிவிட்டு வாருங்கள். பள்ளி ஆசிரியருக்கும்தான்.

கடைசியாக, கையில் இருக்கும் போனிலேயே செய்துவிடக்கூடிய ஒரு வேலை. ஷன்ட் வைத்த தேதி, மருத்துவமனை, வால்வின் பெயர், எந்தப் பக்கம் என்ற விவரங்கள் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரியைப் படம் எடுத்துவையுங்கள். குழந்தை நன்றாக இருந்தபோது எடுத்த ஸ்கேனையும் அதோடு சேர்த்துவையுங்கள். நடுராத்திரியில், தெரியாத ஊரில், குழந்தையை முதன்முறையாகப் பார்க்கும் மருத்துவருக்கு மூளையின் அறைகள் இப்போது விரிந்திருக்கின்றனவா என்று முடிவுசெய்ய, அந்தப் பழைய ஸ்கேன் வேண்டும். வீட்டில் உள்ள எல்லோருடைய போனிலும் அது இருக்கட்டும்.